பள்ளிக்கரணையில் மனை வாங்கியாச்சு, வீடு கட்ட முடியவில்லை. சதுப்பு நிலம் அவ்வளவு முக்கியமா?

மனைக்காரன் | வெள்ளி, இரவு 10.20

வணக்கம். திட்டுவதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

2021இல் சென்னைப் பள்ளிக்கரணைப் பக்கம் அரை கிரவுண்டு (1,200 சதுர அடி) மனை வாங்கினேன். பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் எல்லாவற்றையும் வக்கீல் பார்த்து 'கிளியர்' என்றார். வங்கியும் கடன் கொடுத்தது. இப்போது வீடு கட்டலாம் என்று பிளான் போட்டு விண்ணப்பித்தால், சதுப்பு நிலத்திலிருந்து 1 கி.மீக்குள் வருகிறது, அனுமதி நிற்கிறது என்கிறார்கள். கடனுக்குத் தவணை ஒரு பக்கம், குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை ஒரு பக்கம்.

பறவைகள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் உண்மையாகவே கேட்கிறேன். நான்கு நாரை வந்து நிற்பதற்காக நடுத்தரக் குடும்பம் ஒன்று தெருவில் நிற்க வேண்டுமா? தண்ணீர் தேங்குவதுதான் பிரச்சினை என்றால் பெரிய மழைநீர் வடிகாலாகக் கட்டிக் கடலில் விட்டால் போகிறது. மூன்றே கிலோமீட்டரில் கடல் இருக்கிறதே. அதற்கு ஏன் இவ்வளவு பெரிய சேற்றுக்காடு வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ரேடியல்ரோடு | வெள்ளி, இரவு 10.51

எனக்கும் இதே கதைதான், பிளாட் மட்டும்தான் வித்தியாசம். சதுப்பின் குறுக்கே போகிற ரேடியல் சாலையில் காலையில் போனால் பெரிய லென்ஸ் வைத்துக்கொண்டு பூநாரையைப் படம் எடுப்பவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் எல்லாரும் எங்கே குடியிருக்கிறார்கள் என்று ஒருநாள் கேட்க வேண்டும். பாதிப் பேர் வேளச்சேரியில்தான் இருப்பார்கள். வேளச்சேரி மட்டும் என்ன, ஏரி இல்லாத இடமா?

---

கலிங்கல் | சனி, காலை 6.15

மனைக்காரன் தம்பி, நியாயமான கேள்வி. பாசனத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கணக்காகவே சொல்கிறேன், நீங்களே கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்.

பள்ளிக்கரணைக்குத் தண்ணீர் வரும் பரப்பு சுமார் 250 சதுர கிலோமீட்டர். தாம்பரம், செம்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிகள் படிப்படியாக இறங்கி வருகின்றன. மேல் ஏரி நிறைந்தால் கலிங்கல் (மிகுதி நீர் வழியும் வாய்) வழியே கீழ் ஏரிக்கு, அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. கடைசியில் எல்லாம் வந்து விரிகிற தாம்பாளம்தான் இந்தச் சதுப்பு.

இரண்டு நாளில் 30 செ.மீ மழை என்று வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையின் பல இடங்களில் அதைவிட அதிகமாகவே பெய்தது. 250 ச.கி.மீ மேல் 30 செ.மீ என்றால் 7,500 கோடி லிட்டர். ஏரியில் தங்கியது, மண் குடித்தது போகப் பாதிதான் கீழே வருகிறது என்றாலும் 3,750 கோடி லிட்டர்.

1960களில் இந்தச் சதுப்பு 5,500 ஹெக்டேர் வரை இருந்தது என்கிறார்கள். அதில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 5,500 கோடி லிட்டர் கொள்ளும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவில் பாதிக்கும் மேல். வந்த வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு நிதானமாக விட்டுவிடும். இன்றைக்குச் சதுப்பாக மிஞ்சியிருப்பதை 600 ஹெக்டேர் என்று வைத்தால் 600 கோடி லிட்டர்தான். மீதித் தண்ணீர் எங்கே போகும்? முன்பு எங்கே நின்றதோ அங்கேதான் போகும். அங்கே இப்போது வீடு இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் அரை கிரவுண்டில் மட்டும் 30 செ.மீ மழை என்றால் 33,000 லிட்டர். கிட்டத்தட்ட மூன்று தண்ணி லாரி.

கடல் மூன்று கிலோமீட்டர்தான், சரி. ஆனால் நடுவில் மணல்மேடு இருக்கிறது. ஓ.எம்.ஆரும் (பழைய மாமல்லபுரம் சாலை) ஈ.சி.ஆரும் (கிழக்குக் கடற்கரைச் சாலை) போவது அந்த மேட்டுப் பக்கம்தான். சதுப்பிலிருந்து தண்ணீர் வெளியேற ஒரே பெரிய வாய் ஒக்கியம் மடுவு. அது பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, தெற்கே முட்டுக்காடு தாண்டிக் கோவளம் முகத்துவாரத்தில்தான் கடலைப் பார்க்கிறது. நிலமோ தட்டை, வாட்டமே கிடையாது. புயல் நேரத்தில் கடலும் ஏறி நிற்கும், ஓதம், அதாவது கடல் பெருக்கு, எதிர்த்துத் தள்ளும். நீங்கள் எவ்வளவு பெரிய வடிகால் கட்டினாலும் வெளியே எடுக்க ஆள் இல்லாத நேரத்தில் அது தண்ணீர் நிற்கும் இன்னொரு தொட்டி. வடிகால் என்பது தண்ணீரை உங்கள் தெருவிலிருந்து சதுப்புக்குக் கொண்டுபோகிற வழி. போய்ச் சேர இடம் வேண்டாமா?

---

தவளைவாய் | சனி, காலை 8.40

கணக்கு பிரமாதம். ஆனால் பக்கத்தில் குடியிருக்கிற எங்களைக் கேளுங்கள். மாலை ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் கொசு வீட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். குப்பைமேடு எரிந்தால் மூன்று நாள் இருமல். இதுவா உலகப் புகழ் பெற்ற ஈரநிலம்?

---

நத்தைகுத்தி | சனி, காலை 9.25

தவளைவாய் சார், குப்பைமேடு எரிவது சதுப்பின் குற்றமா? பெருங்குடியில் 200 ஏக்கருக்கு மேல் சதுப்பின் மீதே குப்பை கொட்டினார்கள், பல பத்தாண்டுகளாக. அதைத் தோண்டிப் பிரித்து அகற்றும் வேலையே அண்மையில்தான் தொடங்கியது. நம் வீட்டு வாசலில் ஒருவர் குப்பை கொட்டினால் வாசலையா திட்டுவோம்?

கொசுவும் அப்படித்தான். டெங்கு கொசு நல்ல தண்ணீரில், மூடாத தொட்டியில், பழைய டயரில், குடித்துப் போட்ட இளநீர்க் கூட்டில் முட்டையிடும். சென்னையில் மலேரியா பரப்புகிற கொசுவுக்குக் கிணறும் மொட்டைமாடித் தொட்டியும் போதும். சாயங்காலம் மொய்க்கிற கொசு சாக்கடையில் பிறந்தது. மீனும் தவளையும் தட்டான் புழுவும் இருக்கிற உயிருள்ள நீரில் கொசுப்புழு தப்பிப்பது கஷ்டம். சதுப்புக்குள் சாக்கடையை விட்டு மீனைக் கொன்றால், அப்புறம் கொசுவுக்குக் கொண்டாட்டம்தான்.

நான் பதினைந்து வருடமாக அங்கே பறவை பார்க்கிறவன். 'நான்கு நாரை' என்று மனைக்காரன் எழுதியதில் கொஞ்சம் வருத்தம், அதற்காக ஒரே ஒரு பறவையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொசு உள்ளான். கையில் வைத்தால் 30 கிராம் கூட இராது. ஆர்க்டிக் கரையோரம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் வரும் முன் கிளம்பி, இங்கே வந்து சேற்றில் ஊசி குத்துவது போலக் குத்திக் குத்திப் புழு தின்னும். கோடை வரும்போது உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டு திரும்பப் போகும். வழி நெடுக அதற்குச் சத்திரங்கள் வேண்டும். ஒரு சத்திரத்தை மூடினால் அடுத்தது வரை பறக்க அதன் உடம்பில் எண்ணெய் இருக்காது. பள்ளிக்கரணை அப்படியொரு சத்திரம்.

---

ரேடியல்ரோடு | சனி, காலை 10.02

சத்திரத்துக்குப் பக்கத்தில் நாங்கள் வீடு கட்டினால் அது ஏன் சார் மூடப் போகிறது? குப்பைமேட்டுக்குப் பக்கத்திலேயே பூநாரை மேய்கிறது. பறவைக்கே பிரச்சினை இல்லை, உங்களுக்கு என்ன?

---

நத்தைகுத்தி | சனி, காலை 10.30

பாலத்துக்கு அடியில் ஒருவர் படுத்துத் தூங்குகிறார் என்பதால் அந்த இடம் அவருக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்வீர்களா? வேறு இடம் இல்லை, அதனால் வருகிறது.

---

கோரைப்பாய் | சனி, மதியம் 1.45

நான் பள்ளிக்கரணைக்காரி. பிறந்தது, வாழ்க்கைப்பட்டது இரண்டும் இதே ஊர். பேத்திதான் தட்டச்சு செய்கிறாள்.

சதுப்பு நிலம் என்று நாங்கள் சொன்னதே இல்லை. கழுவெளி என்போம். என் மாமியார் வீட்டில் எட்டு எருமை. காலையில் அவிழ்த்துவிட்டால் அதுவே கழுவெளிக்குப் போய் கழுத்து வரை தண்ணீரில் கிடந்து, மேய்ந்து, பொழுது சாய வீடு வந்து சேரும். தீவனத்துக்கு ஒரு காசு செலவில்லை. கோரை அறுத்துக் காயவைத்துப் பாய் பின்னுகிறவர்களுக்கு விற்போம். ஐப்பசி மழை ஓய்ந்ததும் வாய்க்காலில் பரி என்ற மீன்கூடு வைத்தால் விராலும் குரவையும் கெளுத்தியும். குழந்தை பெற்றவளுக்கு விரால் குழம்பு வைக்கக் கடைக்குப் போனதே கிடையாது.

வெள்ளம் அப்போதும் வந்தது தம்பி. ஆனால் வீட்டுக்குள் வராது. ஊர் மேட்டில் இருக்கும், தண்ணீர் பள்ளத்தில் இருக்கும். தண்ணீர் ஏறுவதைத் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். 2015இல் அதே திண்ணையில் இடுப்பளவு தண்ணீர். என் கல்யாணப் புடவை இருந்த டிரங்குப் பெட்டி மிதந்து போனது.

கிணற்றுத் தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். கரும்புச்சாறு போல இருந்தது. இப்போது போர் போட்டால் வெடுக்கென்று உப்பு. சோறு மஞ்சளாக வேகிறது.

---

மனைக்காரன் | சனி, மதியம் 3.10

அம்மா, பதிலுக்கு நன்றி. எங்கள் மனையில் போர் போட்டுப் பார்த்தபோதும் உப்புதான் வந்தது. கடல் பக்கம் என்பதால் என்று நினைத்தேன். அதற்கும் சதுப்புக்கும் என்ன சம்பந்தம்?

---

கலிங்கல் | சனி, மாலை 5.00

சம்பந்தம் இருக்கிறது. கடலோர நிலத்தடியில் நன்னீர், கனமான உப்புநீர் மேல் மிதந்துகொண்டு இருக்கும், எண்ணெய் தண்ணீர் மேல் மிதப்பது மாதிரி. ஏட்டுக் கணக்குப்படி நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால் உப்புநீர் 40 அடி மேலேறும். மேலே சதுப்பும் ஏரியும் தண்ணீரோடு இருந்தவரை அந்த எடை கடலைத் தள்ளிப் பிடித்திருந்தது. நாம் இரண்டு பக்கமும் வேலை செய்தோம். மேலே ஊறுவதை மூடினோம், கீழே போர் போட்டு உறிஞ்சினோம்.

2019 கோடை ஞாபகம் இருக்கிறதா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். மேலே சொன்ன, சுருங்கிப்போன சதுப்பு ஒரு மீட்டர் நிறைந்தால் அது 2,400 ரயிலுக்குச் சமம். அதை மொண்டு குடிக்க முடியாது, தெரியும். ஆனால் சுற்றியிருக்கிற கிணறுகள் அதை நம்பித்தான் இருந்தன.

என் யோசனை இதுதான்: இருக்கிற 600 ஹெக்டேரையும் இரண்டு மூன்று மீட்டர் ஆழப்படுத்தினால் கொள்ளளவு இரண்டு மூன்று மடங்காகும். மனைக்காரர்களுக்கும் கொஞ்சம் மூச்சுவிட வழி கிடைக்கும்.

---

நத்தைகுத்தி | சனி, மாலை 5.35

ஐயா, உங்கள் கணக்குக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் இந்தக் கடைசிப் பத்தியை ஒத்துக்கொள்ள மாட்டேன். 'தூர் வாரு, ஆழப்படுத்து' என்பது இந்த ஊரில் எல்லா நீர்நிலைக்கும் ஒரே மாத்திரையாகிவிட்டது.

சதுப்பின் உயிரே அதன் ஆழமின்மைதான். கொசு உள்ளானின் கால் விரல்கடை உயரம். நெடுங்கால் உள்ளானுக்கு ஒரு சாண். மஞ்சள் மூக்கு நாரை முழங்கால் தண்ணீரில் நின்று, அலகை நீரில் திறந்து வைத்து மீன் வந்து இடிக்கட்டும் என்று காத்திருக்கும். நாமக்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் சம்பும் கோரையும் வேண்டும். இலைக்கோழி அல்லி இலை மேலேயே நடந்து, அதிலேயே முட்டையிடும், ஆண்தான் அடைகாக்கும். இதெல்லாம் ஒரு சாண், ஒரு முழம், ஒரு பாகம் என்று ஆழம் மாறி மாறி இருக்கிற இடத்தில்தான் நடக்கும். மூன்று மீட்டர் கிண்ணமாகத் தோண்டி, சுற்றிக் கல் பதித்து, நடைபாதை போட்டு, நடுவில் ஒரு தீவு வைத்து, இரவில் விளக்கு எரிய விட்டால் நீர்க்காகமும் நான்கு வாத்தும் வரும். மற்ற எல்லாம் போய்விடும். கோரை, சம்பு போனால் சாக்கடை நீரை வடிகட்டுகிற வேரும் போய்விடும்.

அப்புறம், கடல் மட்டத்தை ஒட்டிய நிலத்தில் ஆழமாகத் தோண்டினால் அடியிலிருந்து வருவது எந்தத் தண்ணீர்? உங்கள் 40 அடிக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

---

கலிங்கல் | சனி, மாலை 6.20

பிடித்துவிட்டீர்கள். முழுதும் ஆழப்படுத்துவது என்று எழுதியது என் தவறு. துறையில் முப்பது வருடம் கனஅடியிலேயே யோசித்த பழக்கம். சரி, குப்பை எடுத்த பள்ளம், மேட்டுப்பட்ட மண் கொட்டிய இடம், அடைபட்ட ஒக்கியம் மடுவு, இவற்றை மட்டும் முதலில் சரிசெய்யலாம். அதோடு மேலே இருக்கிற ஏரிகளைத் தூர் வாரினால் உங்களுக்குச் சம்மதம்தானே?

---

நத்தைகுத்தி | சனி, மாலை 6.28

ஓரத்தில் சரிவு விட்டுவிட்டுத் தூர் வாரினால் சம்மதம். சட்டி மாதிரி நேராக வெட்டாமல்.

---

இரண்டுபோகம் | சனி, இரவு 7.50

நான் மதுராந்தகம் பக்கம். வேடந்தாங்கலை ஒட்டி எங்களுக்கு நிலம் இருக்கிறது. பறவையா மனிதனா என்று கேட்கும்போதெல்லாம் எங்கள் ஊரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

வேடந்தாங்கல் ஏரி மொத்தமே 30 ஹெக்டேர்தான். தண்ணீருக்குள் நிற்கிற கடம்ப மரங்களில் ஆயிரக்கணக்கில் கூடு. கீழே விழுகிற எச்சம் ஏரித் தண்ணீரில் கரைந்து மதகு வழியாக எங்கள் வயலுக்கு வருகிறது. அந்தத் தண்ணீர் பாயும் கழனிக்கு உரம் குறைவாகவே போடுவோம். 1790களில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவையைச் சுட்டதற்காக எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கலெக்டரிடம் போய்ச் சண்டை போட்டுக் கவுல் என்ற உறுதிப் பத்திரம் எழுதி வாங்கினார்கள் என்பது ஊரே சொல்கிற கதை. பறவை ஆர்வத்தில் மட்டும் போயிருக்க மாட்டார்கள், நெல்லுக்காகவும்தான் போயிருப்பார்கள். அதில் ஒன்றும் வெட்கமில்லை.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பறவை வேடந்தாங்கலில் கூடு மட்டும்தான் கட்டும். இரைக்குச் சுற்றியிருக்கிற ஏரி, குட்டை, நெல் வயல் என்று நெடுந்தூரம் போய் வரும். நத்தைகுத்தி நாரை எங்கள் வயலில் இறங்கினால் சந்தோஷம், நாற்றைக் கடிக்கிற நத்தையைப் பொறுக்கித் தின்னும். சுற்றிலும் இருக்கிற ஐம்பது ஏரியை மனையாக்கிவிட்டுச் சரணாலயத்துக்கு மட்டும் வேலி போட்டால் குஞ்சுக்கு ஊட்ட மீன் ஏது? சமையலறை இல்லாத வீடு மாதிரி. பள்ளிக்கரணை ஆட்களும் இதைக் கவனியுங்கள். செம்பாக்கம் ஏரியையும் பெரும்பாக்கம் ஏரியையும் விட்டுவிட்டுப் பள்ளிக்கரணையை மட்டும் காப்பாற்ற முடியாது.

---

ரேடியல்ரோடு | சனி, இரவு 8.15

விவசாயி பேசுவது புரிகிறது, அவருக்கு லாபம். எனக்கு என்ன லாபம்? உங்கள் எல்லாருக்கும் சொந்த வீடு இருக்கிறது, அதனால் பாடம் எடுக்கிறீர்கள். பறவைப் பைத்தியங்கள்

*(ஒரு வரி நீக்கப்பட்டது. ஆளைத் திட்ட வேண்டாம், கருத்தோடு சண்டை போடுங்கள். — நெறியாளர்)*

---

ஏழாவது மாடி | சனி, இரவு 9.30

சொந்த வீடு இல்லாதவளும் பேசலாம் இல்லையா?

நாங்கள் கூவம் கரையில் இருந்தவர்கள். ஆற்றோரம், வெள்ளம் வரும், ஆபத்து என்று சொல்லி வண்டியில் ஏற்றிப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் விட்டார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றி, வெள்ளம் வந்து நிற்கிற இடத்திலேயே குடிவைத்தார்கள். 2023 புயலில் கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை. கீழே தண்ணீர். ஏழு மாடிக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தோம். பிரசவ வலி வந்த பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து மாடிப்படியில் இறக்கினார்கள்.

இந்த இழையில் மனை வாங்கியவரும் பறவை பார்க்கிறவரும் சண்டை போடுகிறீர்கள். சதுப்பை ஒட்டி முதலில் கட்டியது நீங்கள் இரண்டு பேரும் இல்லை. ரோடு, ரயில், பெரிய பெரிய கண்ணாடிக் கட்டடம், அரசு அலுவலகம், அதற்கப்புறம் எங்கள் அடுக்குமாடி. இப்போது 'ஆக்கிரமிப்பு' என்ற பேச்சு வரும்போது மட்டும் முதலில் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். சதுப்பைக் காப்பாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீர் நின்றால் முதலில் நனைகிறது நாங்கள்தான். ஆனால் இன்னொரு முறை எங்களை வண்டியில் ஏற்றாதீர்கள்.

---

நத்தைகுத்தி | சனி, இரவு 9.58

அக்கா, நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. நியாயம்தான்.

---

பாடு | ஞாயிறு, காலை 5.40

பழவேற்காட்டிலிருந்து எழுதுகிறேன், வலை போட்டுவிட்டு வந்து படித்தேன். ரேடியல்ரோடு அண்ணன் 'எனக்கு என்ன லாபம்' என்று கேட்டார். இறால் சாப்பிடுவீர்களா அண்ணா?

இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு ஓதத்தோடு முகத்துவாரம் வழியாக உப்பங்கழிக்குள் வரும். அங்கே ஆழமில்லாத நீரில், புல்லிலும் சேற்றிலும் ஒளிந்து, தின்று வளர்ந்து, பெருத்த பிறகு கடலுக்குத் திரும்பும். ஆற்று நீரும் கடல் நீரும் சரியான அளவில் கலந்தால்தான் இது நடக்கும். மேலேயிருந்து நன்னீர் வராவிட்டால் கழி உப்பேறிப் போகும். வெள்ளம் இல்லாத வருடம் முகத்துவாரம் மணலடித்து மூடிக்கொள்ளும். பிறகு உள்ளே வருவதும் இல்லை, வெளியே போவதும் இல்லை.

எங்கள் ஊரில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடும் என்று முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வது. எல்லாருக்கும் சோறு கிடைக்க வேண்டும் என்று முன்னோர் வைத்த ஏற்பாடு. கழியே செத்துவிட்டால் எதைப் பங்கு போடுவது? பள்ளிக்கரணைத் தண்ணீர் கோவளம் முகத்துவாரத்துக்குப் போகிறது என்று மேலே ஐயா எழுதியிருந்தார். அங்கேயும் எங்களைப் போலத் தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள்.

---

அ‑பதிவேடு | ஞாயிறு, காலை 11.10

சட்டப் பக்கம் கொஞ்சம். ஈரநிலங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கை 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தானது. இந்தியா 1982இல் சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2002இல் கோடியக்கரை மட்டும் அந்த உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலில் ஏறியது, அப்புறம் இருபது வருடம் ஒன்றுமில்லை. 2022இல் பள்ளிக்கரணை, வேடந்தாங்கல், பிச்சாவரம் என்று வரிசையாக வந்தன. 2025 பிப்ரவரிக் கணக்கில் தமிழ்நாட்டில் 20.

பள்ளிக்கரணை பட்டியலில் ஏறிய பரப்பு 1,247 ஹெக்டேர். காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது அதில் ஒரு பகுதி மட்டும்தான். மிச்சத்தின் எல்லை சர்வே எண் வாரியாகத் தெளிவாக இல்லாததால்தான் இத்தனை குழப்பமும். அதனால்தான் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2025 செப்டம்பரில், தாக்கப் பகுதி, அதாவது சதுப்போடு தொடர்புள்ள சுற்றுப் பகுதி, எதுவரை என்று அறிவியல் முறையில் வரையறுக்கும் வரை, சதுப்புக்குள்ளும் அதன் எல்லையிலிருந்து 1 கி.மீ வரையும் புதிய கட்டுமானத்துக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்றது. 1 கி.மீ என்பது தற்காலிகக் கோடு. தண்ணீர் வட்டமாக ஓடாது. ஆய்வு முடிந்தால் சில இடம் வெளியே போகும், 1 கி.மீக்கு அப்பால் இருக்கிற ஓடைக்கரை சில உள்ளே வரவும் கூடும்.

இன்னொரு ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். 2017 ஈரநில விதிகளில் பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதன் கட்டிய நீர்நிலைகள் சேராது. நம் ஏரிகள் பெரும்பாலும் அப்படிக் கட்டியவைதான். ஆயிரம் வருடமாகப் பறவை வந்து தங்கினாலும், ராம்சார் பட்டியலில் ஏறாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது ஈரநிலம் இல்லை. ஏரிகளுக்கென்று தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது, ஆனால் அது ஆக்கிரமிப்பை அகற்றத்தான்.

மனைக்காரன், வில்லங்கச் சான்று உங்களுக்கு விற்றவர் யார், வாங்கியவர் யார் என்றுதான் சொல்லும். அந்த நிலம் என்னவாக இருந்தது என்று சொல்லாது. அதற்கு அ‑பதிவேடும் (நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமக் கணக்கு) பழைய புலப்படமும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) வேண்டும். பக்கத்து சர்வே எண்களையும் சேர்த்துப் பாருங்கள்.

---

மனைக்காரன் | அடுத்த வெள்ளி, இரவு 9.05

ஒரு வாரமாக எழுதவில்லை. மன்னிக்கவும்.

ஞாயிறு காலை நத்தைகுத்தி அண்ணனோடு ரேடியல் சாலைக்குப் போனேன். தொலைநோக்கியில் கொசு உள்ளானைக் காட்டினார். முதலில் சேறு நகர்கிறது என்று நினைத்தேன். பக்கத்தில் லாரி ஹாரன் அடித்தபடி போகிறது, அது பாட்டுக்குக் குத்திக்கொண்டே இருக்கிறது.

திங்கள் இரவு நல்ல மழை. செவ்வாய் காலை மனைக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க ஒரு காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். கால் மணி நேரத்தில் அது என் மனையைக் குறுக்கே கடந்து, பக்கத்துக் காலி மனை வழியாகச் சதுப்புப் பக்கம் போய்விட்டது. இத்தனைக்கும் இரண்டடி மண் கொட்டி மேடாக்கிய இடம் அது.

புதன்கிழமை அ‑பதிவேடு எடுத்தேன். என் சர்வே எண் புஞ்சை என்றுதான் இருக்கிறது, அதில் பொய்யில்லை. பக்கத்து எண் வாய்க்கால் புறம்போக்கு. பழைய புலப்படத்தில் அந்த வாய்க்காலின் அகலத்தையும் இப்போது தரையில் இருக்கிற அகலத்தையும் ஒப்பிட்டால், என் மனையின் மூன்றில் ஒரு பங்கு அதற்குள் இருக்க வேண்டும். விற்றவரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் நாரை மேல் இல்லை. தவணை இன்னும் பதினாறு வருடம் இருக்கிறது.

ஒன்று மட்டும். அந்தப் பக்கத்துக் காலி மனை இப்போது விற்பனைக்குப் போட்டிருக்கிறார்கள். 'சதுப்பு நில வியூ' என்று விளம்பரம். முன்பணம் கொடுத்தவர் யாராவது இதைப் படித்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். புலப்பட நகலும் அந்தக் காகிதம் மிதந்து போன வீடியோவும் தருகிறேன்.

---

கோரைப்பாய் | அடுத்த வெள்ளி, இரவு 9.48

தம்பி, உன் மனைக்குக் கிழக்கே ஒற்றைப் பனை ஒன்று, பக்கத்தில் இடிந்த கல்மதகு இருக்கிறதா?

---

மனைக்காரன் | அடுத்த வெள்ளி, இரவு 9.55

மதகு இருக்கிறது அம்மா. பனை இல்லை, அடிமரம் மட்டும் இருக்கிறது.

---

கோரைப்பாய் | அடுத்த வெள்ளி, இரவு 10.03

அப்போது அதுதான். நாங்கள் பரி வைத்த இடம்.